முப்பத்திரண்டு கை

ஜெபா,

உங்கம்மா ஊட்ல உக்காந்துக்கினு நாலு மாசமா என் போனை எடுக்க மாட்டேன்ற. அதான் பக்கத்தூட்டு மெர்சி கையில இந்த லெட்டரைக் குடுத்தனுப்பறேன்.

சனிக்கிழமை நம்ம சர்ச் யூத் பசங்களைப் பழவேற்காட்டுக்குப் படகு சவாரி கூட்டினு போனேன். யார் யார் வர்றீங்கன்னு பாஸ்டர் எதிர்ல கேட்டப்போ முப்பத்திரண்டு பேர் கை தூக்குனாங்க. வேன்ல ஏறுனது மூணு பேர். அதுல ஒருத்தன் டிரைவரோட மச்சான்!

பாஸ்டர் எதிர்ல வரலன்னு சொல்ல தைரியமில்ல, காலையில எழுந்து வரத் துப்பில்ல. இதுங்கதான் ஊரைத் திருத்தப் போவுதுங்களாம். கேட்டா கம்பெனியில ஷிஃப்டாம். கும்மிடிப்பூண்டியில எவனுக்குத்தான் ஷிஃப்ட் இல்ல?

நீ இருந்தப்போ ஊடு ஊடாப் போய் எல்லார் ஷிஃப்டையும் நோட்ல எழுதிக்கினு வந்து, அப்புறம்தான் தேதி வைப்ப. "ஆண்டவர் கூட்டினு வருவாரு, உன் நோட்டு எதுக்கு?"ன்னு சபை நடுவுல உன்னைக் கேலி பண்ணேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வாட்டி நாப்பது பேர் வந்தாங்கன்றது வேற விஷயம்.

படகுக்காரர், "இன்னா சார், அக்கா வர்லியா?"ன்னார். உனக்கு கம்பெனியில ஷிஃப்டுன்னு சொல்லிட்டேன்.

உன்னை வந்து பார்க்கணும். இந்த மாசம் உனக்கு எந்த ஷிஃப்டுன்னு எழுது. தேதியை அப்புறம் வெச்சிக்கறேன்.

இன்னமும் உன் புருஷன்