மானுக்கு வைத்த இலுப்பைப்பூ

நீள்வரை நாட்டில் மழை விரைந்து இறங்குக. எல்லைக்கோட்டை அமைச்சர் பொன்னவிரன், மாமன்னர் மாவலங்கோவின் வேட்டைப் படைத்தலைவர் வயமான் சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் பாசறையும் அதிலுள்ள உயிர்களும் நலம் பெறுக. இதை நின்றபடியே படிக்கவும், அமரப் பொழுதில்லை.

கோடை வேட்டைக்கு மானை இழுக்கச் சுனைக்கரையில் இலுப்பைப்பூவும் பூசணியும் உப்புக்கல்லும் வைக்குமாறு நாம் பணித்ததைத் தாங்கள் அறிவீர்கள். வனக்காவலன் ஈங்கையன் மாலைதோறும் இரை பரப்பினான். காலையில் வந்து பார்த்தால் தரை துடைத்தாற்போல் இருந்தது. மான் விரும்பி நக்கும் உப்புக்கல் மட்டும் நாப்படாமல் கிடந்தது. அதை அவன் பொருட்படுத்தவில்லை. மந்தை மந்தையாக மான் வருகிறது என்று மகிழ்ந்து சொன்னான். நாமும் மகிழ்ந்து மன்னரை இன்று மாலை வேட்டைக்கு அழைத்தோம்.

இன்று காலை புதருக்குள் பூசணித் தோல் குவிந்திருக்கக் கண்டான். கத்தியால் சீவிய தோல். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டான். மான் தோல் சீவித் தின்னாது.

மலைமேல் விளைச்சல் பொய்த்த சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே நன்னாகி என்பவளைக் கேட்டான். அவள் சொல்லை அப்படியே எழுதுவிக்கிறோம்: "மான் பேரு எழுதியாய்யா வெச்சீங்க? ஒங்க ராசா மானுக்கு விருந்து வெச்சாரு, நாங்க கூப்பிடாமலே வந்துட்டோம்." சொல்லிச் சிரித்தாளாம். அவள் இடுப்புக் குழந்தை எட்டி, அவன் கையிலிருந்த தோலைப் பிடுங்கி வாயில் வைத்தது. அதன்பின் அவனால் அதட்ட முடியவில்லை. இனி வராதீர் என்று மட்டும் வேண்டினான். "நா வரல சாமி. மத்த ஊருக்கு யாரு சொல்லுவா? பொழுது சாஞ்சா மலையே எறங்கி வருது."

தலைவரே, மன்னரின் முதல் அம்பு, நம் மரபுப்படி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓசை வந்த திசையில் விடுவது. பரணேறியபின் அவரிடம் எவரும் வாய் திறக்கலாகாது. இன்று மாலை சுனைக்கரைப் புதரில் சருகு ஒலித்தால் மான் என்றே அவர் செவி கொள்ளும். அவர் குறி தப்பியதில்லை. இதுவரை அதை நாம் புகழ்ந்தோம். இப்போது அதற்கே அஞ்சுகிறோம்.

ஆகவே ஓலை கண்டவுடன் முரசறைக. கொம்பூதுக. காடெல்லாம் கலையட்டும். மன்னர் சினந்தால், வேட்டையைக் கெடுத்தவன் பொன்னவிரன் என்று சொல்க. மிஞ்சிய இரையனைத்தும் நாளைப் பகலில், எவரும் ஒளியாமல் வந்து பெற்றுக்கொள்ளப் பாசறை வாயிலில் அளிக்கப்பட வேண்டும்.

ஈங்கையன் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. வருவோரைத் திருப்பியனுப்ப மலைக்குக் குறுக்கே சுனைக்கு ஓடுகிறான். எம் தொழுவத்து எருமையின் மணியைத் தன் கழுத்தில் கட்டச் சொன்னான். முடிச்சை நாமே போட்டோம். மணியோசை கேட்டால் ஊர்மாடு என்றெண்ணி மன்னர் வில்லைத் தாழ்த்துவார் என நம்புகிறான். கட்டிய கண்ணுக்கு எந்த ஓசையும் குறியே என்று அறிந்தே அதை இறுக்கினோம்.

மணிக்கு முன் முரசு ஒலிக்க வேண்டும்.

இது எம் ஆணை. எல்லைக்கோட்டை முத்திரை ஈர அரக்கில் இடப்பட்டது. உலரும் வரை ஓலையை நிறுத்தி வைக்கவில்லை.