மூன்று மூடிகளும் ஓர் ஓட்டைவாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் நெடுநாள் நோய்வாய்ப்பட்டிருந்து சென்ற வியாழக்கிழமை காலை இயற்கை எய்தியது. இனிமேல் உள்ளே இருப்பவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆணை. என் பாட்டை ஒருமுறை கேட்டபின் அந்த ஆணை எனக்கு மட்டும் ரத்து. மற்றபடி நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று எழுதச் சொன்னாள் அம்மா. 'எல்லோரும்' என்பதில் அம்மாவின் வலதுகை ஆள்காட்டி விரல் சேராது. தையல் மெஷின் ஊசி நகத்தின் வழியாக இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. பெரிய கட்டு, பத்து நாள் பேனா பிடிக்கக் கூடாது. அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எது யாருடையது என்று குழம்பாதே, திட்டெல்லாம் அம்மாவுடையது, அறிவெல்லாம் என்னுடையது.

உன் கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேர் முன்னால் நின்று, நீ வடிவமைத்த மருந்துப் புட்டி மூடியைப் பற்றி விளக்க வேண்டும், உனக்குத் திக்கும் என்பதால் பக்கத்து மேசைக்காரி உனக்குப் பதிலாகப் பேசட்டுமே என்கிறார் மேலாளர், சரி என்று சொல்லிவிடவா என்று கேட்டிருக்கிறாய். நீ ஒத்திகை பார்த்துப் போனில் அனுப்பிய பேச்சையும் அம்மா நேற்று கேட்டாள். நாலு நிமிஷப் பேச்சு பதினொரு நிமிஷம் ஓடியது. முடிந்ததும் அம்மா, "என் வயித்துல பொறந்த ரெண்டுல ஒண்ணுக்கு வாய் வராது, ஒண்ணுக்கு வாய் நிக்காது, ரெண்டையும் கலந்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கக் கூடாதா" என்றாள். அப்புறம் எழுதுடா என்று ஆரம்பித்தாள். "அவ பேசினா மூடி அவளோடது ஆயிடும். பெத்தவ ஒருத்தி, தூக்கிக் காட்டறவ ஒருத்தியா? விட்டுக்கொடுத்துட்டு வந்தே, என் மூஞ்சில முழிக்காதே. திக்கினா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நம்ம வீட்ல சிரிக்காத சிரிப்பையா அவங்க புதுசா சிரிச்சிடப் போறாங்க" என்றாள். சொன்ன கையோடு, கடைசி வரியை அடித்துவிடு என்றாள். நான் அடிக்கவில்லை.

அது எந்தச் சிரிப்பு என்று உனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினெட்டு. வீடு நிறைய உறவுக்காரர்கள். மேலே என்ன படிக்கப்போறே என்று மாமா கேட்க, வடிவமைப்பு என்று சொல்ல வாயெடுத்து நீ முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாய். நான் நடுவில் குதித்து, "வ... வ... வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகல மாமா, பின்னாடி நின்னு தள்ளுங்க" என்றேன். கூரை பிய்ந்துகொண்டு போகிற சிரிப்பு. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாய். பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டுப் போனவள் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டுப் பார்த்தேன், அதற்கும் திறக்கவில்லை. என்ன வேண்டுமென்றாலும் துண்டுச்சீட்டில் படம். கூடத்துச் சுவரில் எட்டு ஸ்விட்ச் இருக்கிறதே, எது எந்த விளக்கு என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது, ஒவ்வொன்றின் மேலும் நகத்தளவு படம் வரைந்து ஒட்டினாய். அடுத்த முறை வந்த மாமா நேராகப் போய்ச் சரியான ஸ்விட்சைத் தட்டினார். அவர் வாழ்க்கையில் கேள்வி கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். பேச வேண்டி வந்துவிடுமோ என்று பயந்து பயந்தே, பார்த்தாலே புரிகிற பொருள்களைச் செய்யக் கற்றுக்கொண்டாய். ஆகையால் உன் தொழிலுக்கு அடிக்கல் நாட்டியவன் அடியேன், கல்வெட்டில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடு என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, என்னடா இவ்வளவு நேரம் எழுதறே என்று அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "கால ஒடிச்சவன் ஊன்றுகோலுக்குக் கூலி கேக்கறான் பாரு" என்றாள். இதையும் எழுதச் சொன்னாள்.

நீ அனுப்பிய மூன்று மாதிரி மூடிகளையும் சோதித்தாகிவிட்டது. எப்படித் திறப்பது என்று யாருக்கும் சொல்லாமல் கையில் கொடுத்து, எத்தனை நொடி என்று குறிக்கச் சொல்லியிருந்தாய். அம்மா ஐந்து நொடி, அதுவும் உன் பேச்சைக் கேட்பதற்கு முன்பே. கட்டுவிரலை வைத்துக்கொண்டு திருக முடியாத எரிச்சலில் உள்ளங்கையால் மூடியின் ஓரத்தில் ஒரு போடு போட்டாள், அந்தப் பக்கம் இறங்கி இந்தப் பக்கம் டக்கென்று எழுந்துகொண்டது. கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் ஏழு நொடி. கை நடுக்கத்தால் சின்ன திருகாணிகளைத் தொடுவதையே விட்டுவிட்டாரே, அவர்தான். கையை மூடிமேல் சும்மா வைத்தார், திறந்துகொண்டது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இத வச்சிட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. என் கணக்கு இரண்டே நொடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூடியைத் திறந்தவன் நான். குழந்தைக்குக்கூடச் சொல்லாமலே புரியும் என்று பன்னிரண்டு பேரிடமும் தைரியமாகச் சொல், சாட்சிக்கு என்னைக் காட்டு.

செவ்வாய்க்கிழமை அந்தத் தையல் பிரிந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நிற்காதே, தையல்காரி மகள் என்று சொன்னால் எனக்குத்தான் அசிங்கம் என்கிறாள் அம்மா. வெறும் வயிற்றோடு போகாதே. தரையைப் பார்த்துப் பேசாதே, தரையா உனக்குச் சம்பளம் கொடுக்கிறது? "எந்த எழுத்துல மாட்டினாலும் அங்கயே நில்லு, திரும்பி ஓடாதே. நீ நெனச்சது கைகூடும், நல்லா இருப்பே" என்று அம்மாவின் ஆசி. முடிந்த கையோடு என்ன ஆனது என்று மறக்காமல் எழுது. அழுதுகொண்டே எழுதாதே, மை கலைந்தால் இவன் தன் இஷ்டத்துக்குப் படித்துச் சொல்வான் என்று என்னைக் கைகாட்டுகிறாள், அதுவும் கட்டுப்போட்ட விரலால்.

இப்படிக்கு,
கோபம் பாதி, பாசம் மீதி,
உன் அம்மா
(சொல்லக் கேட்டு எழுதியது: ஓட்டைவாய்)

பின்குறிப்பு: அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா, இரண்டு நொடி என்று எழுதினேனே, அதை யாரிடமும் சொல்லிவிடாதே. இரண்டு நாள். பெட்டி வந்த அன்றே யாருக்கும் காட்டாமல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூடி என்றால் திருகுவதுதானே, திருகினேன். உள்ளங்கை சிவந்தது, பல்லால் கடித்தேன், இடுக்கி போட்டதில் ஓரம் உடைந்தது, அப்போதும் திறக்கவில்லை. கை நன்றாக இருக்கிறவன் எவனும் முதலில் திருகத்தான் பார்ப்பான், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கை நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள், உன்னை மாதிரித் திக்கிக்காட்டப் பழகலாம் என்று, அம்மா கேட்பதற்கு முன்பே திருட்டுத்தனமாக உன் பேச்சைப் போட்டேன். ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தினால் போதும் என்ற இடத்தில், 'உள்ளங்கையால்' வரைக்கும் வந்துவிட்டு 'அ'வில் நின்றுவிட்டாய். அ... அ... என்று நீ நின்ற நேரத்தில் என் கையும் திருகுவதை விட்டுவிட்டு நின்றது. மீதி வார்த்தை வருவதற்குள் உள்ளங்கை தானாக மூடியின் ஓரத்துக்குப் போய்விட்டது, திறந்துகொண்டது. பக்கத்து மேசைக்காரி கடகடவென்று சொல்லி முடித்து உட்கார்ந்துவிடுவாள், அவர்கள் திருகிக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் நீயே சொல். பிறந்ததிலிருந்து நீ ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை நான் பொறுத்திருந்தது அன்றைக்குத்தான். அதுவும் மூடி திறக்கவில்லை என்பதால்.