சனிக்கிழமை வகுப்புக்கு ஊரைக் கூட்டிய படம்

அனுப்புநர்
செ. வீரம்மா,
க/பெ. செல்லையா,
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
இரண்டாம் லயம், கல்லுமேடு எஸ்டேட்,
சேரங்கோடு அஞ்சல், கூடலூர் தாலுகா,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: கல்லுமேடு நடுநிலைப் பள்ளியில் நிறுத்தப்பட்ட சனிக்கிழமை ஓவிய வகுப்பை மீண்டும் நடத்தக் கோருதல் – என் மகளிடம் கேட்கப்படும் மன்னிப்புக் கடிதம் குறித்துத் தெரிவித்தல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவள். அங்கே பதுளைப் பக்கம் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கூரை ஒழுகுவது, குழாயில் தண்ணீர் வராதது, பிரசவ லீவு என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. என் பிள்ளைக்காக எழுதுவது இதுவே முதல் தடவை. ஆகவே கொஞ்சம் நீண்டுவிட்டால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் புஷ்பராணி மேற்படி பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே சனிக்கிழமை காலையில், கூடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் மனுவேல் சார் ஓவிய வகுப்பு நடத்தி வந்தார். வகுப்புக்கு வந்தவர்கள் என் மகளோடு சேர்த்து ஐந்தே பேர். மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் விறகு பொறுக்கவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், அம்மாவின் கூடைக்கு இரண்டு பிடி கொழுந்து கூடுதலாகப் போடவும் போய்விடுவார்கள். அவர்களை அனுப்பாதவர்கள் பெற்றோர்களாகிய நாங்களே. படம் போடுவது வயிறு நிறைந்தவர்களின் வேலை என்பது எங்கள் நினைப்பு. ஆள் சேராவிட்டால் இந்த மாதத்தோடு வகுப்பை மூடிவிடுவதாகத் தலைமை ஆசிரியர் அவர்கள் தெரிவித்தார்கள்.

அந்த ஐந்து பிள்ளைகளும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு காரியம் செய்தார்கள். பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில், வகுப்புக்கு வரச் சொல்லிப் பெரிய பெரிய விளம்பரத் தாள்கள் தயாரித்தார்கள். கலர் வாங்க வழியில்லை. அடுப்புக்கரி, செம்மண், மஞ்சள் தூள் இவைதான் கையிருப்பு. பச்சைக்குக் கொழுந்தைக் கசக்கித் தேய்த்திருக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் தேயிலைச் செடியெல்லாம் டீத்தூள் நிறத்துக்குப் போய்விட்டது. ஒரு பாடு அழுதுவிட்டு, அவரை இலையைத் தேய்த்துச் சரிக்கட்டினார்களாம். இத்தனையும் எனக்குத் தெரியாமல் நடந்தது.

என் மகள் போட்ட தாள்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வாசலில் தொடங்கி, மேட்டு வழியாக வளைந்து போகும் ஒரு நீண்ட வரிசை. வரிசையில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள்; ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அடியில் ‘சனிக்கிழமை காலை பள்ளிக்கு வாருங்கள், எல்லோரும் வரையலாம்’ என்று எழுதியிருக்கிறாள். ஏன் வரிசை போட்டாய் என்று பிறகு கேட்டேன். “நல்லது குடுக்குற எடத்துல எல்லாரும் வரிசையிலதானேம்மா நிப்பாங்க” என்றாள். கப்பலில் வந்தவர்களை வைத்திருந்த மண்டபம் முகாமையும் அதன் வரிசைகளையும் என் இடுப்பில் உட்கார்ந்தபடி பார்த்த பிள்ளை அவள். வேறு என்ன போடுவாள்?

இந்தத் தாள்களைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள். அந்தக் கொட்டகையை நாங்கள் இன்னும் மடுவம் என்றே சொல்கிறோம். எங்களைப் போன்று திரும்பி வந்தவர்களுக்கான அறிவிப்புகள் எல்லாம் அந்தச் சுவரில்தான் ஒட்டப்படும். கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஐயா. சுவரில் தாள் தெரிந்தால் எந்த நாள், எந்த இடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவோம். முந்தியவருக்கு வீடு, பிந்தியவருக்கு அடுத்த முகாம் என்று பட்டு அறிந்தவர்கள் நாங்கள். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் வரிசையும் கையில் தாளும் பளிச்சென்று தெரிந்தன. “சனிக்கிழம ஸ்கூல்ல கார்ட் செக் பண்றாங்களாம்” என்று பக்கத்து வீட்டு ஆண்டாயி சொன்னாள். ஊருக்கெல்லாம் மனு எழுதும் நானும் கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் இல்லை. லயத்தில் பாதி, வெளுத்த சேலை, வெள்ளை வேட்டியோடு பள்ளி வாசலில் வரிசையாக நின்றது. நானும் அட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு நின்றேன். பஸ்ஸை விட்டு இறங்கிய மனுவேல் சார், யாரோ காலமாகிவிட்டார்கள் என்று பதறிப் போய் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், உள்ளே வந்து உங்கள் பிள்ளைகள் போட்டதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

பார்த்தோம், ஐயா. சுவர் நிறைய நாங்கள் இருந்தோம். குனிந்து பறிக்கும் முதுகுகள், கம்பளி போர்த்திய தலைகள், மூடுபனிக்குள் பாதி தெரியும் பஸ். அதிகாரிகள் எங்களைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள், எண் போட்டிருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எங்களைப் போட்டதை நாங்கள் அன்றுதான் கண்டோம். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பிறகு சார் சாக்பீஸ் கொடுத்தார். பெரியவர்களும் வராந்தாத் தரையில் உட்கார்ந்து போட்டோம். ஆண்டாயி ரேஷன் கடைக்காரரைத் தொப்பையோடு போட்டாள். பேர் எழுதாமலே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் எஸ்டேட் பீல்டு ஆபீசர் திரு. வெள்ளியங்கிரி அவர்கள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள். “ஏனுங்க, யாரைக் கேட்டு வேலையை உட்டுப்போட்டு இங்க வந்து கோலம் போட்டுட்டு இருக்கறீங்க?” என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். அரை நாள் பேரும் அதற்கான கூலியும் போனதற்கு நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு விடாமல், என் மகள் தாள் ஒட்டித் தொழிலாளர்களை வேலை நிறுத்தத்துக்குத் தூண்டினாள் என்று பள்ளிக்குப் புகார் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஐயா. அவள் சொல்லி வேலை நிற்கும் என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் வேலைதான் நிற்கும்.

தலைமை ஆசிரியர் அவர்கள் தாள்களைக் கிழித்தெடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். புஷ்பராணி மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும் வரை ஓவிய வகுப்பு யாருக்கும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆள் வரவில்லை என்று மூடப் பார்த்த வகுப்பை, ஆள் கூடிவிட்டது என்று மூடியிருக்கிறார்கள். எஸ்டேட்டின் தயவு பள்ளிக்கு வேண்டியிருக்கிறது, அவர் சங்கடம் எனக்கும் புரிகிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை நடந்ததைத் தங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், தலை சீவி, கையில் கரித்துண்டும் காலண்டர் அட்டையும் வைத்துக்கொண்டு பூட்டிய கதவின் முன் நின்றார்கள். அவர்களை அனுப்பியவர்கள் நாங்கள். விறகை அன்று நாங்களே பொறுக்கிக்கொண்டோம்.

ஆகவே, மேற்படி வகுப்பை வரும் சனிக்கிழமை முதலே நடத்தவும், மனுவேல் சாரைத் தொடர்ந்து வரச் செய்யவும், பிள்ளைகளின் தாள்களை அவர்களிடமே திருப்பித் தரவும் தாங்கள் உத்தரவிட வேண்டும் என்று பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன். தாங்களே ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. வழி கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகள் போகும் பக்கம் வந்தால் போதும்.

மன்னிப்புக் கடிதம் சம்பந்தமாக: சொல்லாமல் வேலைக்கு வராமல் போனது என் தவறு. அதற்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் நான் எழுதித் தருகிறேன். என் மகள் எழுத மாட்டாள். எழுது என்று நானும் சொல்ல மாட்டேன். வகுப்புக்கு ஆள் வேண்டும் என்று படம் போட்டுக் கூப்பிட்டாள், ஆட்கள் வந்தார்கள். அதற்குப் போய்த் தலைகுனிந்து நிற்கப் பழக்குவதற்காக நான் அவளைக் கப்பலேற்றிக் கூட்டி வரவில்லை.

பிள்ளையை வகுப்புக்கு அனுப்பக் காத்திருக்கும்,

செ. வீரம்மா
(ஏழாம் வகுப்பு மாணவி செ. புஷ்பராணியின் தாய்)

இடம்: கல்லுமேடு
நாள்: 26.11.1979