நாலு விரல் கனம்

மாமா,

சோறும் ரசமும் அடுப்போரம் மூடி வைத்திருக்கிறேன். சூடாறும் முன் சாப்பிடுங்கள். கடைச் சாவி அரிசிப் பெட்டிமேல் இருக்கிறது. நான் ஹாலிஎலைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

ராக்கன் இன்று பின்னறை வெளிச்சுவர் வைக்க வருவான். இரண்டு மூங்கில் தட்டிகளுக்கும் நடுவே குளிர் தடுக்க மானாப்புல் எத்தனை விரல் கனம் திணிப்பது என்று கேட்பான்.

முன்னறைக்குக் கேட்டபோது நான் எட்டு விரல் என்றேன். நமுனுகுல மலைக்காற்று நேரே அடிக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது என்றேன். நீங்கள், "பதுளைக் குளுருக்கு நாலு விரலு போதும்டி, மிச்சக் காசுல கடைக்குத் தகரம் போட்டுடலாம்" என்றீர்கள். தகரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நம் பிள்ளை நெஞ்சுச்சளியில் போய்ப் பதினெட்டு நாளாகிறது. இன்று ராக்கனிடம் எத்தனை விரல் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தொட்டிலை மட்டும் கழற்றாதீர்கள்.

வடிவு

அடியில் கொஞ்சம் இடமிருக்கிறது, எழுதிவிடுகிறேன். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாதென்று அன்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே நடந்ததை உங்கள் தம்பி வீரசிங்கம் நேற்றுத்தான் சொன்னார். குழி வெட்டியவன் இந்த ஆழம் போதும் என்றானாம். நீங்கள் விடவில்லையாம். "இன்னும் ஒரு மொழம் தோண்டுப்பா, புள்ளைக்குக் குளுரும்" என்று அழுதீர்களாம்.

அதை ராக்கனிடம் சொல்லியிருக்கக் கூடாதா, மாமா?