மயக்க டாக்டர் கேட்ட கேள்வி

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அமலோற்பவம் மதினிக்கு,

ஈவாஞ்சலின் எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம். மஸ்கட்டில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதிப் படம் எடுத்து உங்கள் மகள் ஸ்டெபிக்கு அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி ஜாய்சனுக்குப் பித்தப்பையில் கல். வலியோடேயே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். போன வாரம் படகிலேயே சுருண்டு விழுந்துவிட்டார், தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வியாழக்கிழமை ஆபரேஷன்.

இன்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பிரேமா வந்தார். ஆடுகிற பல் இருக்கிறதா, பீடி உண்டா, இளைப்பு உண்டா என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். கடைசியில், "உங்க வீட்டுல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார். இவர், "யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. மஸ்கட்டில் உங்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, முடிந்த பிறகும் மூச்சு திரும்பாமல் மெஷினில் வைத்திருந்தார்கள் என்று ஸ்டெபி ஒருமுறை சொல்லியிருந்தாள். இவருக்கு அது தெரியாது. உங்கள் அம்மா அடக்கத்தை நீங்கள் வந்துசேரும் முன்பே முடித்ததில் உங்கள் இருவருக்கும் சண்டை வந்ததிலிருந்து, உங்கள் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார்.

டாக்டர் பின்னாலேயே ஓடிச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். தூங்க வைப்பது வேறு, வலி தெரியாமல் செய்வது வேறு, தசையைத் தளர்த்துவது வேறாம். தசை தளர்ந்தால் மூச்சும் நின்றுவிடும், மருந்து கரையும்வரை மெஷின்தான் மூச்சு கொடுக்குமாம். தசை தளரப் போடும் ஒரு மருந்து சில குடும்பத்தாரின் உடம்பில் சீக்கிரம் கரையாது, முன்பே தெரிந்தால் வேறு மருந்து இருக்கிறது என்றார். உங்களுக்கு நடந்தது அதுதானா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

மதினி, எங்கள் மேல் கோபம் இருக்கட்டும். டாக்டர் நம்பரையும் ஸ்டெபிக்கு அனுப்புகிறேன். அவரிடம் மட்டுமாவது பேசுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி,
ஈவாஞ்சலின்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் மறுநாளே பேசியதை டாக்டர் சொன்னார். "உங்க நாத்தனார் வெவரமா சொன்னாங்க. அந்த மருந்து வேண்டாம்" என்றார். வேறு மருந்துதான் கொடுத்தார்கள்.

நேற்று இவரை உள்ளே கொண்டுபோன பிறகு எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை. கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் டாக்டர் பிரேமாவே வந்து, "ஜாய்சன் கண்ண முழிச்சிட்டாரு. தானா மூச்சு விடுதாரு" என்றார்.  அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கம்மிய குரலில் கேட்டார்: "ஏளா, அக்கா அங்கன தனியாவா கெடந்தா?"

அதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

அவரைப் போனில் கூப்பிடுங்கள் மதினி. தொண்டைக்குள் குழாய் போட்டதில் குரல் சரியாக எழும்பவில்லை. பதில் வராவிட்டால் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் பேசுங்கள், கேட்டுக்கொண்டிருப்பார்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

ஈவாஞ்சலின்