மாசிக் குளிரும் ஐந்து மாடுகளும்

குன்னம், 17.2.1997
காலை ஐந்தரைக்கு 18 டிகிரி. வெப்பமானியை மாட்டுக்கொட்டகைத் தூணில் தொங்கவிட்டிருக்கிறேன். மழை படாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையும் படாது. என் வீட்டுக்காரர் பாலசுந்தரம் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, குளுருக்கும் அட்டென்டன்ஸ் எடுக்கறியா?"

"ஆமா. நீங்க போயி சாணி அள்ளுங்க."

2.3.1999
20. இரண்டு வருடத்தில் இரண்டு டிகிரி! வாடைக்காற்று தளர்ந்து, கடல் பக்கத்து ஈரக்காற்று மேகத்தைக் கொண்டுவந்தால், ராத்திரியில் தரையின் சூடு மேலே போக முடியாது. குளிர் எங்கிருந்து வரும்? இவரோ கார்த்திகைக் கடைசியில் கொத்தமல்லி விதைக்கிறவர். மாசியில் குளிர்ந்தால்தான் மணி திரளும். மல்லியை விடுங்கள் என்று சொன்னால் கேட்க வேண்டுமே!

11.12.2001
கேட்டுவிட்டார். கரிசல் காட்டில் இந்த வருடம் மல்லி இல்லை, சூரியகாந்தி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

26.2.2002
சூரியகாந்தியைக் கிளி தின்றுவிட்டது. பக்கத்துக் காட்டுக் கருப்பண்ணனின் மல்லி அப்படி விளைந்திருக்கிறது. இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

1.3.2002
வெப்பமானியில் 21. இவர் காட்டிலிருந்து குளிரில் பல் கிடுகிடுக்க வந்தார். சந்தேகம் வந்து அதைக் களத்துமேட்டுக்குத் தூக்கிப் போனேன். கால் மணி நேரத்தில் — 16.

1997-இல் கொட்டகையில் மாடு இரண்டு. இப்போது ஐந்து. ஐந்தும் ராத்திரி முழுக்க அதன்மேல் மூச்சு விட்டிருக்கின்றன.

"குளுரு கொறையல. மாடுதான் கூடியிருக்கு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன். ஐந்து வருடம்... நானெல்லாம் ஒரு டீச்சரா?

2.3.2002
நோட்டைப் பரணில் போட்டாச்சு.

9.3.2002
காட்டு வரப்பில் நாலு கால் நட்டு, இவர் வெப்பமானிக்கென்று காற்று புக இடைவெளி விட்ட மரப்பெட்டி ஒன்றைச் செய்து, வெள்ளையும் அடித்து வைத்திருக்கிறார். "இதுல மாடு ஏறாது. மொதல்லேருந்து எழுது." சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். நோட்டை இறக்கினேன்.

14.3.2007
மகள் பூங்குழலியின் பிரசவத்துக்கு அரியலூர் போய்ப் பத்து நாள் கழித்து இன்றுதான் வந்தேன். நோட்டில் அந்தப் பத்து நாள் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பத்து நாளும் இவருடைய கோணல் கையெழுத்து. ஒரு நாள், "மூட்டம். 21."

சூரியகாந்திக்குப் பிறகு வருடா வருடம் விடாமல் மல்லி விதைத்த மனிதர், கடைசிப் பக்கத்தில் மாசியில் பதினெட்டுக்குக் கீழே போன நாட்களையும் எண்ணி வைத்திருக்கிறார். 2003-லிருந்து: 12, 14, 9, 7, 4. ஐந்து வருடத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஜெயித்த சந்தோஷமும் வரவில்லை. மனசு கனக்கிறது.

அதற்குக் கீழே எழுதியிருந்தார்: "இனிமே கார்த்திகை மல்லி வேணாம். பெட்டியச் சுத்தியும் பார்த்துட்டேன், பக்கத்துல மாடு ஒண்ணும் இல்ல."