இரண்டாம் பட்டியல்

சிஸ்டர்,

இன்று காலை என் மனைவி கடைத்தெருவிலிருந்து மலைப்பூண்டு வாங்கி வந்தாள். சமையலறையில் கொட்டிப் பரப்பியதும் வீடு முழுக்க அந்தக் காட்டமான வாசம். நான் எழுந்து வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று கேட்டாள். தலைவலி என்று சொன்னேன். மலையில் கிளாவரை ஊர்ப்பக்கம் நாம் போய்த் திரும்பும்போதெல்லாம் உங்கள் பையில் இரண்டு கொத்துப் பூண்டாவது இருக்கும். அம்மை குத்தும் பெட்டியின் ஸ்பிரிட் வாசமும் அதுவும் கலந்து லாரி டிரைவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். "பூண்டு குடுத்து விட்டாங்கன்னா ஆளு உசுரோட இருக்காங்கன்னு அர்த்தம் சார்" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. காமாலை கண்டு ஒரு மாதம் படுத்திருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தீர்கள் என்று நாலு வரி. ஒரு மாதம் படுத்திருந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு ஆறு வருடமாகவே தைரியம் இல்லை.

அறுபதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தபோது நான் கொடைக்கானலுக்கு ஏறி வந்தேன். மனச்சோர்வுக்குப் புது மாத்திரை வந்திருந்த காலம். மாத்திரை தின்று வீடு திரும்புகிறவர்கள் வீட்டில் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. சாக முயன்று, எப்படியோ பிழைத்து, உங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து போனவர்கள். அவர்களைத் தேடி யாராவது போய்ப் பார்த்துவந்தால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பார்களா? எனக்குச் சைக்காலஜி தெரியும், மலை தெரியாது. வார்டு நர்ஸான உங்களைத் துணைக்கு அனுப்பினார்கள்.

முதல் வாரமே என் திட்டத்தை ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டீர்கள். "ஆஸ்பத்திரி ஜீப்பு ஒரு வீட்டு முன்னால நின்னா அந்த வீட்டுப் பொண்ண எவன் சார் கட்டுவான்? போலீசுக்குத் தெரிஞ்சா கேசு வேற." மறுநாள் அம்மை குத்தும் பெட்டியோடு வந்து நின்றீர்கள். அம்மை குத்த வருகிறவள் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உங்களைக் கண்டாலே பிள்ளைகள் கையை மறைத்துக்கொண்டு உருளைக்கிழங்குக் காட்டுக்குள் ஓடும். நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் வெளியே பாறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

பட்டியல் போட்ட நாளில்தான் நமக்குள் முதல் சண்டை. பெயர்களைச் சீட்டெழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். முதலில் வரும் பாதிப் பேர் முதல் பட்டியல். பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவர்களைப் போய்ப் பார்ப்போம். மீதிப் பேர் இரண்டாம் பட்டியல். அவர்களிடம் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதோடு சரி, யாரும் போகக்கூடாது. ஒரு வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"ரெண்டாவதுல இருக்குறவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?" என்று கேட்டீர்கள்.

"பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நாம் போவதால் பலன் உண்டா என்று வேறு எப்படித் தெரியும்?"

"போனாத் தெரியும்ல சார்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. படிப்பு தலைக்கு ஏறியிருந்த காலம் அது.

ராக்கம்மாவின் சீட்டு இரண்டாம் பட்டியலில் விழுந்தது. கிளாவரைக்காரி. இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் போனபின் பேச்சை நிறுத்திக்கொண்டவள். வார்டில் இருபது நாளும் உங்கள் ஒருவரிடம்தான் வாய் திறந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து உங்கள் தடுப்பூசி நோட்டைப் புரட்டினேன். நான் வராத வெள்ளிக்கிழமைகளில் ஒரே வீட்டுக்கு எட்டுத் தடவை அம்மை குத்தியிருந்தீர்கள். ராக்கம்மா வீடு, பிள்ளையே இல்லாத வீடு! பொய் சொல்லத் தெரியாத ஆள் பொய்க்கணக்கு எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

நான் கத்தினேன். ஆராய்ச்சியே கெட்டுப்போயிற்று என்றேன். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். "அது என்ன சொல்லுச்சு தெரியுமா சார்? 'நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் வெள்ளனே எந்திரிச்சுத் தலையச் சீவுறேன்க்கா'ன்னுச்சு. நாலு மாசமா அது சொன்ன ஒரே சேதி அதுதான்." ஆராய்ச்சிக்காரன் ஒருவன் ஆயுள் முழுக்கக் காத்திருந்து கேட்க வேண்டிய வாக்கியம் அது. நான் அவள் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். விதி மீறப்பட்ட பெயர், எந்தப் பட்டியலிலும் இனி இல்லை.

நீங்கள் கோட்டைப் பார்த்தீர்கள். "பேர அடிச்சுட்டீங்கள்ல, அப்ப இனிமே நான் போகலாமில்ல?"

கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. போகலாம்தான். ஆனால் அதே ஊரில் குருசாமி என்று இரண்டாம் பட்டியல்காரர் ஒருவர் இருந்தார். அங்கே போனால் அவர் கண்ணிலும் படுவீர்கள், பட்டியலில் அவர் கணக்கும் கெடும் என்று காரணம் சொன்னேன். அது காரணமே இல்லை, சிஸ்டர். என் பேச்சை மீறிவிட்டீர்கள் என்ற கோபம். வேறொன்றும் இல்லை. இதை அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்னை ஏசிவிட்டு லாரி ஏறியிருப்பீர்கள். ஆராய்ச்சி என்று சொன்னதால் கட்டுப்பட்டீர்கள்.

ஒரு மாதம் கழித்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரிக்காரர் செய்தி சொன்னார். ராக்கம்மா போய்விட்டாளாம், வயிற்றுவலியாம். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட சாவுக்கெல்லாம் வயிற்றுவலி என்றுதான் சொல்வார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினீர்கள். நானும் பின்னால் ஏறினேன். மன்னவனூரில் இறங்கிக் கிளாவரைக்கு நடந்தோம், நீங்கள் பத்தடி முன்னால்.

அவள் புருஷன் நம்மை உட்காரச் சொல்லி, கருப்பட்டிக் காப்பி கொடுத்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு வெள்ளிக்கெழம தலையச் சீவி வாசல்லயே ஒக்காந்திருந்துச்சுங்க. சிஸ்டருக்கு மேலுக்கு முடியல போலன்னு சொன்னேன். ஆமான்னு தலைய ஆட்டுச்சு. அப்புறம் சீவலைங்க" என்றான். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டீர்கள். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்பதும் உண்மை.

திரும்பும் வழியில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அந்தப் பேர மட்டும் புஸ்தகத்துல எழுதிருங்க சார். நம்ம போகாம இருந்ததையும் சேத்து எழுதுங்க." எழுதுகிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். ஊருக்கு வந்து எழுத உட்கார்ந்தால், அடித்த பெயரை உள்ளே கொண்டுவர வழியில்லை. அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது? எப்படிக் கெட்டது? யார் போகவிடாமல் செய்தது? ஒவ்வொரு கேள்வியாக விட்டுக்கொண்டே வந்தேன். அறிக்கை சுத்தமாக வந்தது. அந்தச் சுத்தத்தில்தான் எனக்கு மதுரையில் கல்லூரி வேலை கிடைத்தது. உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். "கிடைத்தது. முழுவதும் வாசித்தேன்" என்று ஒரு கார்டு போட்டீர்கள். அதன்பின் நான் உங்களுக்கு எழுதவில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் முதல் பட்டியல்காரர்களைப் பார்க்கப் போவதும் நின்றுபோயிற்று என்றே நினைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்து, சொல்லி எழுதவைத்தவர் குருசாமி, அந்த இரண்டாம் பட்டியல்காரர். "ஐயா, கும்பிடுறேன். சிஸ்டரம்மா வெள்ளிக்கிழமை தவறாம வருவாங்க. ஆறு வருசத்துல மழைக்குக்கூட நிக்கல. இப்ப ஒரு மாசமா காணம். ஏதாவதுன்னா மதுர சாருக்கு எழுதுங்கன்னு சொல்லி இந்த விலாசத்தக் குடுத்திருந்தாங்க. இங்க நாலஞ்சு பேரு காத்துக்கெடக்கோம். என்னான்னு தெரிஞ்சா வெரசா எழுதுங்க."

என் விலாசத்தை எதற்குக் கொடுத்தீர்கள், சிஸ்டர்? அந்த அறிக்கையை முழுவதும் வாசித்த பிறகுமா?

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. நாளை வெள்ளனே பஸ் ஏறினால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். போகத்தான் போகிறேன். போய் எதையும் சரிசெய்துவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு இல்லை. நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்பதே எனக்குத் தெரியாது, நான் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று அந்த நாலைந்து பேரிடம் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை யார் வருவார்கள் என்று அவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ராக்கம்மா என்ற பெயரை நான் எழுதியிருப்பது இந்தத் தாளில்தான், வாசிக்க நீங்கள் இல்லாதபோது.